ஏசிஎல் கிழிந்துவிட்டது: ஆபரேஷனா, பயிற்சியா?

ஏசிஎல் என்பது முட்டியின் நடுவே உள்ள ஒரு முக்கியமான ஜவ்வு. எம்ஆர்ஐ அறிக்கையில் "ஏசிஎல் முழுமையாகக் கிழிந்துள்ளது" என்ற வரியைப் பார்த்ததும் பலர் கேட்பது "ஆபரேஷன் எப்போது வைத்துக்கொள்ளலாம்?" என்றுதான். வேறு சிலர் கத்தி என்றாலே பயந்து, கட்டுப் போட்டுக்கொண்டு சில மாதம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. ஏசிஎல் கிழிந்த முட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தைச் சும்மா கழித்தால் பயன் இல்லை, சில முட்டிகளுக்கு அந்த நேரமே கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் எடுத்த முடிவால், முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு. தேவையே இல்லாத ஆபரேஷனுக்குப் போய் முட்டியை முழுதாக நீட்ட முடியாமல் தவிப்பவர்களும் உண்டு.

எந்த ஜவ்வு?

முட்டியைத் தாங்கிப் பிடிக்கும் முக்கியமான ஜவ்வுகள் நான்கு. உள்பக்கம் எம்சிஎல், வெளிப்பக்கம் எல்சிஎல், மூட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஏசிஎல்லும் பிசிஎல்லும். "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எந்த ஜவ்வு, எவ்வளவு கிழிசல், கூடவே வேறு எது அடிபட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே தலைகீழாக மாறும்.

எம்சிஎல் மூட்டுக்கு வெளியே, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள இடத்தில் இருக்கிறது. அதனால் தானாகவே ஆறிவிடும். லேசான கிழிசல் என்றால் ஓரிரு வாரம், நடுத்தரம் என்றால் மூன்று நான்கு வாரம். முழுக் கிழிசலாக இருந்தாலும், பக்கவாட்டில் கம்பி வைத்த பிரேஸ் அணிந்து, முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியையும் விடாமல் செய்தால் ஆறு வாரத்திலோ அதற்குச் சற்று மேலோ தேறிவிடுவார்கள். இதற்குக் கத்தி தேவைப்படுவது அரிது. கார் விபத்தில் மடங்கிய முட்டி முன்பக்கம் மோதும்போது கிழிவது பிசிஎல். அது மட்டும் தனியாகக் கிழிந்திருந்தால், முன்தொடைத் தசையை நன்றாக வலுவாக்கினாலே பெரும்பாலும் போதும். எல்சிஎல் தனியாகக் கிழிவது குறைவு. முட்டியின் பின்-வெளி மூலையில் உள்ள மற்ற கட்டுகளோடு சேர்ந்து முழுதாகக் கிழிந்திருந்தால் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் சரிசெய்தால் பலன் நன்றாக இருக்கும்.

ஏசிஎல் இருப்பது மூட்டுக்குள்ளே. எந்தக் காயமும் ஆறவேண்டுமானால் கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவைப் பற்றிக்கொண்டுதான் புதுத் திசு வளரவேண்டும். முட்டிக்குள் இருக்கும் மூட்டு நீர் அந்த உறைவைத் தங்கவிடுவதில்லை. அறுந்த இரு முனைகளும் பல நேரம் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி திருகும்போது பிசகாமலும் பார்த்துக்கொள்வது இந்த ஜவ்வுதான். அதனால்தான் அது போன பிறகு நேராக நடக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை, சட்டென்று திரும்பும்போது மட்டும் முட்டி ஏமாற்றிவிடுகிறது.

இந்தக் காயங்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு, யாரும் மோதாமலேயே நடப்பவை. ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்று திசை மாறுகிறார், அல்லது குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி உப்பிவிடும். அது மூட்டுக்குள் ரத்தம் கட்டுவதன் அடையாளம். அன்றைக்கு ஒன்றும் இல்லாமல் மறுநாள்தான் மெல்ல வீங்கியது என்றால் மெனிஸ்கஸ் மீது சந்தேகம் போகும்.

அனுபவமுள்ள கை எம்ஆர்ஐக்கு முன்பே பதில் சொல்லிவிடும். முட்டியை இருபது முப்பது டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். ஜவ்வு நன்றாக இருந்தால் கயிறு முறுக்கேறி நின்றதுபோல் "டக்"கென்று ஒரு முடிவு கைக்குத் தெரியும். அறுந்திருந்தால் எலும்பு தடையில்லாமல் மெத்தென்று முன்னால் வரும். காயம் பட்ட அன்று வலியில் தசைகள் இறுகியிருக்கும், அப்போது இந்தச் சோதனை ஏமாற்றலாம். வீக்கம் வடிந்த பிறகு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐ ஏசிஎல்லை உறுதிப்படுத்தும். அதைவிட முக்கியமாக, கூட அடிபட்ட மெனிஸ்கஸையும் குருத்தெலும்பையும் காட்டும்.

காத்திருக்கக் கூடாத முட்டிகள்

ஒப்பீட்டுக்குப் போகும் முன் இவற்றைத் தனியே பிரித்துவிட வேண்டும். அடிபட்ட பிறகு பாதம் சில்லென்று இருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, அல்லது முட்டி ஒரு நொடி இடம் விலகித் தானே உள்ளே போனது என்றால் அது அவசர சிகிச்சைக்கான நிலை. முட்டி விலகும்போது பின்னால் ஓடும் முக்கிய ரத்தக்குழாய் கிழியக்கூடும். சில மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் காலையே இழக்க நேரலாம். பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியவில்லை என்றால் நரம்பு அடிபட்டிருக்கலாம். நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, முட்டியைத் தொண்ணூறு டிகிரி மடக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிவைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

இன்னொன்று, பூட்டிக்கொண்ட முட்டி. எவ்வளவு முயன்றாலும் கடைசி இருபது முப்பது டிகிரி நீட்ட முடியாமல் ஏதோ ஒன்று உள்ளே தடுக்கிறது என்றால், மெனிஸ்கஸின் கிழிந்த துண்டு புரண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கலாம். அதைத் தைத்துக் காப்பாற்ற முடியும், ஆனால் நாளாக ஆக அந்த வாய்ப்பு குறையும். இந்த நிலையில் "மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வளரும் வயதில் உள்ள சிறுவர் சிறுமியருக்கு, எலும்பு நீளும் இடமான வளர்தட்டு இன்னும் மூடியிருக்காது. பெரியவர்களுக்குப் போடுவதுபோல் அதில் துளை போட்டால் கால் வளர்ச்சி கோணலாகலாம். குழந்தைகளின் முட்டியில் பழக்கமுள்ள நிபுணரிடம்தான் போகவேண்டும். மேலே சொன்ன எதுவும் இல்லாமல் ஏசிஎல் மட்டும் கிழிந்த பெரியவருக்கே இனி வரும் ஒப்பீடு பொருந்தும்.

எந்த வழியில் போனாலும் முதல் ஆறு வாரம் ஒன்றுதான்

வீங்கி, சூடாக, நீட்ட முடியாமல் இருக்கும் முட்டியில் அவசரப்பட்டு ஆபரேஷன் செய்தால், உள்ளே தழும்புத் திசு வளர்ந்து முட்டி இறுகிப்போகும் அபாயம் அதிகம். ஆகவே ஆபரேஷன்தான் என்று முடிவானவரும் முதலில் மூன்று காரியங்களைச் சாதிக்கவேண்டும்: வீக்கம் வடியவேண்டும், முட்டி மறு முட்டி அளவுக்கு முழுதாக நீளவேண்டும், முன்தொடைத் தசை விழித்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாவதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முட்டிக்குள் நீர் கோத்தால் மூளை முன்தொடைத் தசையை அணைத்துவைத்துவிடும். மனம் கட்டளை இடும், தசை அசையாது. இரண்டே வாரத்தில் தொடை இளைப்பது கண்ணுக்கே தெரியும். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, காலை நீட்டி உட்காருங்கள். முட்டியின் பின்புறத்தால் தரையை அழுத்தப் பாருங்கள். முட்டிச்சில்லு தொடையை நோக்கி மேலே ஏறவேண்டும். ஐந்து நொடி பிடித்து விடுங்கள். முதல் நாள் எதுவுமே அசையாது, சில்லு ஒரு நூல் அளவு நகர்ந்தாலே அன்றைக்குப் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துப் பத்தாகச் செய்துவந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தசை திரும்பக் கிடைத்துவிடும். பிறகு முட்டியைத் துளியும் மடக்காமல் காலை நேராகத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஊன்றுகோலைக் கீழே வைப்பதற்கான தேர்வு அதுதான்.

இந்த வாரங்களை "ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் காலம்" என்று நினைக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கியாயிற்று.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

தேர்வு "ஆபரேஷன் அல்லது பயிற்சி" என்பது அல்ல. ஒரு பக்கம் பயிற்சி மட்டும், இன்னொரு பக்கம் ஆபரேஷனும் அதற்குப் பிறகு அதைவிட நீண்ட பயிற்சியும். பயிற்சியிலிருந்து தப்பிக்க ஆபரேஷன் செய்துகொள்பவர் இரண்டையும் இழப்பார்.

இதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் மூன்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. முதலாவது ஸ்வீடனில் நடந்து 2010-ல் வெளியான கானான் ஆய்வு. சுறுசுறுப்பான இளம் வயதினர் 121 பேர், எல்லோருக்கும் புதிய காயம். ஒரு பிரிவினருக்குச் சீக்கிரமே ஆபரேஷனும் பயிற்சியும். மற்றொரு பிரிவினருக்கு முதலில் பயிற்சி, முட்டி நழுவினால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டுகள் கழித்து வலி, அன்றாட நடமாட்டம், விளையாட்டு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அளந்தபோது இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. முதலில் பயிற்சி செய்த 59 பேரில் 23 பேர் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள், ஐந்தாம் ஆண்டில் அது 30 ஆகியிருந்தது. இதையே ஒருவர் "பாதிப்பேருக்குக் கடைசியில் ஆபரேஷன்தானே" என்று படிப்பார், இன்னொருவர் "பாதிப்பேர் தப்பித்தார்களே" என்று படிப்பார். இரண்டும் உண்மை. முதலில் பயிற்சி செய்ததால் அந்தப் பிரிவின் முடிவு மோசமாகிவிடவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்விலும் பயிற்சிப் பிரிவில் பாதிப்பேர் பின்னர் ஆபரேஷனுக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் முட்டியின் நிலைக்குத் தரும் மதிப்பெண், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சற்றே கூடுதல். ஆனால் ஒருவரின் அன்றாட வாழ்வில் உணரும் அளவுக்கு அது பெரிதா என்று ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள்.

மூன்றாவது ஆய்வு படத்தை மாற்றுகிறது. பிரிட்டனில் 316 பேர், 2022. இவர்களுடையது புதிய காயம் அல்ல. ஏசிஎல் கிழிந்து நாளாகி, முட்டி இன்னும் நழுவிக்கொண்டே இருப்பவர்கள். பதினெட்டு மாதம் கழித்து முட்டியின் நிலைக்கான மதிப்பெண்ணில் 100-க்கு ஆபரேஷன் பிரிவு 73, பயிற்சிப் பிரிவு 64.6. ஆபரேஷனே மேல் என்று தெளிவாகத் தெரிந்தது.

காயம் புதிது என்றால் முதலில் பயிற்சி செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாதக்கணக்கில் முட்டி நழுவுகிறது என்றால், இன்னும் கொஞ்சம் பயிற்சி என்று இழுப்பதில் லாபம் இல்லை. நிபுணர்களிடையே உள்ள சண்டையில் பாதி, இந்த இரண்டு வகை நோயாளிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

மூட்டுத் தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை

"இப்போது ஆபரேஷன் செய்யாவிட்டால் நாற்பது வயதில் மூட்டு தேய்ந்துவிடும்" என்று பயமுறுத்துவது மிகவும் பரவலாக இருக்கிறது. ஏசிஎல் கிழிந்த முட்டிக்குத் தேய்மான வாய்ப்பு அதிகம் என்பது சரி. ஆபரேஷன் அதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கானான் ஆய்வில் ஐந்தாம் ஆண்டு எக்ஸ்ரேயிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. தேய்மானத்தை உண்மையில் விரைவுபடுத்துவது மெனிஸ்கஸ் இழப்பு. முட்டி ஒவ்வொரு முறை நழுவும்போதும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. ஆகவே மெனிஸ்கஸைக் காப்பாற்ற ஆபரேஷன் என்றால் அது நல்ல காரணம். தேய்மானம் வராமல் இருக்க என்று மட்டும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

யாருக்கு எது?

ஏசிஎல் இல்லாமலே நன்றாகச் சமாளிக்கும் முட்டிகள் உண்டு. என்பிஏ கூடைப்பந்து வீரர் டிஹுவான் பிளேருக்கு இரண்டு முட்டியிலும் ஏசிஎல் கிடையாது, அப்படியேதான் அந்த உச்ச மட்டத்தில் பல ஆண்டு ஆடினார். ஆனால் இந்தக் கதையோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்கவேண்டும். கால்பந்து வீரர் சிலாத்தான் இப்ராகிமோவிச் 2022-ல் ஏசிஎல் இல்லாத இடது முட்டியோடு ஆறு மாதம் ஆடினார், அவருடைய மிலான் அணி இத்தாலிய லீக் பட்டமும் வென்றது. அந்த ஆறு மாதமும் வாரம் ஒரு முறை முட்டியிலிருந்து நீர் எடுத்து, தினமும் வலி மாத்திரை விழுங்கி, இருபதுக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டதாக அவரே சொன்னார். சீசன் முடிந்ததும் ஆபரேஷனுக்குப் போனார். முதலாமவரின் முட்டி சமாளித்தது, இரண்டாமவரின் முட்டி சமாளிக்கவில்லை. எது எந்த வகை என்று எம்ஆர்ஐயைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. படத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு முட்டிகள் படிக்கட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி செய்து, ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்து, தசை வலிமையை அளந்து, முட்டி எத்தனை முறை நழுவியது என்று குறித்துவைத்தால் அப்போது தெரியும்.

நேராக ஓடுவது, நீந்துவது, சைக்கிள் மிதிப்பது, அலுவலக வேலை, வீட்டு வேலை இவைதான் வாழ்க்கை என்றால் பயிற்சி மட்டும் போதும் என்ற பக்கம் தராசு சாயும். கால்பந்து, கூடைப்பந்து, கபடி, கைப்பந்து, பனிச்சறுக்கு என்று திரும்பித் திருகிக் குதிக்கும் விளையாட்டுக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்றால் ஆபரேஷன் பக்கம் சாயும். தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசலும் சேர்ந்திருந்தால் இன்னும் சாயும். ஏணியில் ஏறுபவர், தீயணைப்புப் பணியாளர், கூரைமேல் நின்று வேலை செய்பவர் ஆகியோருக்கு முட்டி ஒரு முறை நழுவினால் உயிருக்கே ஆபத்து. அவர்களை விளையாட்டு வீரரைப்போலவே பார்க்கவேண்டும். வயதைத் தனியாக எடுத்துக்கொண்டு முடிவு செய்வது சரியல்ல. நாற்பத்தைந்து வயதில் டென்னிஸ் ஆடுபவரின் முட்டி நழுவினால் அவருக்கும் ஆபரேஷன் பலன் தரும். இருபது வயதில் விளையாட்டில் நாட்டமே இல்லாதவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் கணக்கு இது: ஒழுங்காகப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே, சாதாரண நடமாட்டத்தில் இரண்டாம் முறை முட்டி நழுவினால் அதோடு பரீட்சை முடிந்தது. மூன்றாவது முறைக்குக் காத்திருப்பது மெனிஸ்கஸை வைத்து ஆடும் சூதாட்டம்.

ஆபரேஷன் என்று முடிவானால்: எந்தத் திசு?

கிழிந்த ஏசிஎல்லைப் பொதுவாகத் தைப்பதில்லை. வெறுமனே தைத்துப் பார்த்த பழைய முறை பலருக்கு நிலைக்கவில்லை. தொடை எலும்புப் பக்கம் அறுந்த சில கிழிசல்களுக்குப் புதிய தையல் முறைகள் வந்திருக்கின்றன, ஆனால் எல்லோருக்கும் அவை பொருந்தாது. வழக்கமாகச் செய்வது, வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) எடுத்து, எலும்புகளில் துளையிட்டுப் பழைய ஜவ்வின் இடத்தில் பொருத்துவது. எங்கிருந்து எடுப்பது என்பதில் நோயாளிக்கும் ஒரு வாக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணை இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு எடுத்தால், எலும்போடு எலும்பு ஒட்டுவதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தொழில்முறை வீரர்களுக்கு நீண்ட காலமாக விரும்பிச் செய்யப்படுவது இது. குறை என்னவென்றால், மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்கும், சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். மண்டியிட்டு வேலை செய்பவரோ தொழுபவரோ இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைநாணை எடுத்தால் அந்த வலி குறைவு, தழும்பும் சிறியது. எலும்புத் துளைக்குள் ஒட்டக் கூடுதல் காலம் எடுக்கும், முட்டியை ஆழமாக மடக்கும் வலு சற்றுக் குறையும், இளம் வீரர்களிடம் மறுபடி கிழியும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். இதற்கு ஒரு மாற்று உண்டு. 25 வயது வரையுள்ள 618 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங்கோடு முட்டியின் வெளிப்பக்கமும் ஒரு கூடுதல் கட்டு போட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கே மறுபடி கிழிந்தது. போடாதவர்களில் அது 11 சதவீதம். நீங்கள் இளைஞர், திருகி ஆடும் விளையாட்டு, ஹாம்ஸ்ட்ரிங்தான் என்றால் இந்தக் கூடுதல் கட்டு பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சில்லுக்கு மேலுள்ள முன்தொடைத் தசைநாண் இப்போது பரவலாகிவரும் மூன்றாவது வழி. தடிமனானது, மண்டியிடும் வலியும் குறைவு. முன்தொடை வலிமையை மீட்கத்தான் கூடுதலாகப் பாடுபடவேண்டும். இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறும் திசுவில் உடம்பின் வேறெங்கும் காயம் இல்லை என்ற வசதி உண்டு. ஆனால் இளம் வீரர்களிடம் அது அறுவது கணிசமாக அதிகம் என்பதால் அவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எது எடுத்தாலும், அதை வாரத்துக்கு வாரம் செய்து கைப்பழக்கம் உள்ள நிபுணர் முக்கியம். அவர் நன்றாகச் செய்யும் முறை, காகிதத்தில் சிறந்த முறையைவிட உங்களுக்கு மேலானதாக இருக்கலாம்.

வளைத்துக் கட்டும் முறை

ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவினர் முட்டியைத் தொண்ணூறு டிகிரி மடக்கி நான்கு வாரம் பிரேஸில் பூட்டிவைத்து, பிறகு பன்னிரண்டாம் வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும் முறையைச் செய்து பார்த்தார்கள். மடங்கிய நிலையில் அறுந்த முனைகள் நெருங்கி வரும் என்பது கணக்கு. 2023-ல் வெளியான முடிவில், 80 பேரில் 90 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாத எம்ஆர்ஐயில் ஜவ்வு ஆறும் அறிகுறி தெரிந்தது. ஏசிஎல் ஆறவே ஆறாது என்று நம்பியவர்களை இது யோசிக்கவைத்தது, எனக்கும் இதில் பெரிய எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு அந்த ஆய்வில் இல்லை. அவர்களில் 11 பேருக்கு மறுபடி காயம் ஏற்பட்டது. காலை அப்படிக் கட்டிவைத்தால் ரத்தக் கட்டி உருவாகும் அபாயமும் உண்டு, அதற்குத் தனியாக மருந்து கொடுக்கவேண்டும். காயம் பட்ட சில நாட்களுக்குள், இதில் பழக்கமுள்ளவரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யவேண்டியது. வீட்டில் முட்டியை மடக்கிக் கட்டிக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல.

களத்துக்குத் திரும்புவது

ஆபரேஷன் செய்தவர்களுக்கு மூன்றாம் மாதம்தான் ஆபத்தான மாதம். வலி போயிருக்கும், நடை சரியாகியிருக்கும், முட்டி தன்னுடையதுபோல் தோன்றும். ஆனால் பொருத்திய தசைநாண் அந்தச் சமயத்தில்தான் பலவீனமாக இருக்கிறது. உடம்பு அதைச் சிதைத்து, புது ரத்தக்குழாய்களை அனுப்பி, ஜவ்வாக மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கும். அது முடிய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். நார்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறாம் மாதம் ஆடவிடும் பயிற்சியாளரிடம் இந்த ஒரு வரியையாவது சொல்லுங்கள்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. முன்தொடை வலிமையும் ஒற்றைக் கால் குதிப்பும் மறு காலில் குறைந்தது 90 சதவீதம் இருக்கவேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல மாதம் ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் 90 சதவீதம் சுலபமாக வந்துவிடும். அதனால் நல்ல காலின் அளவைத் தொடக்கத்திலேயே எடுத்துக் குறித்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பயிற்சி மட்டும் என்ற வழியில் போகிறவருக்கும் இதே தேர்வுகள்தான், காலம் மட்டும் சற்றுக் குறையலாம்.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரிசெய்துகொள்ளவேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆபரேஷனுக்குப் பிறகு ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய மட்டத்துக்குத் திரும்பியவர்கள் 65, போட்டி மட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55. திரும்பாதவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது பயம். மறுபடி அதே "டப்" கேட்டுவிடுமோ என்ற பயம் உடம்பில் உண்மையாகவே இருப்பது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் வாய்விட்டுச் சொன்னால், பயம் வரும் அந்த அசைவையே சிறிது சிறிதாகப் பயிற்சிக்குள் கொண்டுவருவார்.

அடுத்து, மறு முட்டி. 25 வயதுக்கு உட்பட்டு ஆபரேஷனுக்குப் பின் களத்துக்குத் திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரண்டாம் ஏசிஎல் காயம் வருகிறது, அதில் கணிசமான பங்கு இதுவரை அடிபடாத காலில். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் பொருந்தும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்தின் நேரே நிற்பது, இடுப்புத் தசையை வலுவாக்குவது, பின்தொடைக்கு வேலை கொடுப்பது ஆகியவற்றைச் சேர்த்த இருபது நிமிட வார்ம்-அப், ஏசிஎல் காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. கால்பந்துக்காக ஃபிஃபா வடிவமைத்த 11+ பயிற்சி இந்த வகையில் நன்கு சோதிக்கப்பட்டது, வேறு விளையாட்டு ஆடுபவர்களும் அதைச் செய்யலாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது, சீசன் முழுக்க, ஒரு மாதத்தில் அலுத்துப்போய் நிறுத்தாமல் செய்யவேண்டும். உங்கள் அணியில் அது இல்லையென்றால், அடுத்த பயிற்சி நாளில் நீங்களே ஆரம்பித்துவையுங்கள்.